பெயரும் ஊரும்: மும்பை வட்டாரப் போர் நினைவுக் கற்களில் அடையாளம் காணப்படாத பெயர்கள்

மும்பைப் பெருநகரின் வடபகுதியில், போரிவலிக்கு மேற்கே, எக்சார் என்னும் பழைய சிற்றூர் உள்ளது. இன்று அது நகரக் குடியிருப்புகளுக்கு இடையே அடங்கிவிட்டது. அங்கு ஆறு வீரக்கற்கள் நிற்கின்றன. அவற்றுள் சில நிலப்போரையும் சில கடற்போரையும் காட்டுவன. கடற்போரைக் காட்டும் கற்களில் பாய்மரமும் வரிசையான துடுப்புகளும் கொண்ட மரக்கலங்கள் அணிவகுத்து நிற்கின்றன. கலங்கள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. வீரர் கடலில் வீழ்கின்றனர். அதற்கு மேலுள்ள அடுக்குகளில் மாண்டவன் விண்ணுலகம் ஏகுகிறான். வானமகளிர் மாலையேந்தி வருகின்றனர். உச்சியில் அவன் சிவலிங்கத்தை வழிபட்டு அமர்ந்திருக்கிறான். இந்தியக் கடற்படை வரலாற்றை எழுதுவோர் இக்கற்களைத் தவறாது சுட்டுவர். கலம் கட்டும் கலை குறித்து ஆராய்வோரும் இவற்றைச் சான்றாகக் கொள்வர்.

ஆனால் இக்கற்கள் யாருக்காக எடுக்கப்பட்டன என்பதை எவராலும் சொல்ல இயலவில்லை. எழுத்துகள் தேய்ந்து படிக்க முடியாத நிலையை அடைந்துவிட்டன. செயல் இருக்கிறது, செய்தவன் பெயர் இல்லை. பெயர் அழிந்ததனால் காலமும் உறுதியின்றிப் போயிற்று. வட கொங்கணத்தை ஆண்ட சிலாகார மரபின் இறுதி மன்னன் சோமேசுவரனுக்கும் தேவகிரி யாதவ மன்னன் மகாதேவனுக்கும் 1265ஆம் ஆண்டையொட்டி நிகழ்ந்த போரை இக்கற்கள் காட்டுகின்றன என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. யாதவர் அமைச்சர் ஏமாத்திரி தம் நூலின் முகப்பில் அமைத்த அரச மரபுப் பகுதியில், சோமேசுவரன் மகாதேவனின் சினத்தை எதிர்கொள்வதைவிடக் கடலில் மூழ்குவதே மேல் எனத் துணிந்ததாகக் குறிப்பிடுகிறார். கல்லில் கடற்போர்; நூலிலும் கடல். இரண்டையும் இணைத்துப் பார்க்கும் விருப்பம் இயல்பானதே. எனினும், கற்கள் 11, 12ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவை என்ற கருத்தும் உண்டு. சிற்ப அமைதி ஒன்றைக் கொண்டு இவ்விரண்டில் ஒன்றை முற்றாக விலக்குதல் அரிது. ஒரே ஒரு பெயர் எஞ்சியிருந்தால் இவ்வழக்கு என்றோ தீர்ந்திருக்கும். வென்ற யாதவர் எடுத்த கல்லா, தோற்ற சிலாகாரரின் குடிகள் எடுத்த கல்லா என்பதுகூட இதுகாறும் விடை காணாத வினாவே.

இக்கற்களைக் குறிக்கும் மராத்திச் சொல் தமிழாய்வாளரின் கவனத்துக்கு உரியது. வீரனுக்கு எடுத்த கல்லை மராத்தியர் 'வீரகள்' என்பர். கன்னட 'வீரகல்லு' என்பதிலிருந்து வந்த இச்சொல்லின் ஈற்றில் நிற்பது நம் 'கல்'லே. சொல் தெற்கிலிருந்து சென்றது என்பதனால் கல்லுக்கு உரியவனும் தெற்கிலிருந்து சென்றவன் என்று கொள்ளுதல் பொருந்தாது. இவ்வெச்சரிக்கை இக்கட்டுரையில் மேலும் சில இடங்களில் தேவைப்படும்.

நடுகல்லின் இலக்கணம்

தமிழ் நடுகல் மரபில் பெயர் பொறித்தல் ஓர் இன்றியமையாக் கூறு. கல்லைத் தேர்தல், நீராட்டுதல், நடுதல், படையலிடுதல் முதலிய நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. வீரனின் பெயரும் பெருமையும் கல்லில் எழுதப்பட்டு வழிநடைப் பயணியர் காண நின்றதைச் சங்க அகப்பாடல்கள் காட்டுகின்றன. பல்லவர் கால நடுகற்களில் இது ஏறத்தாழ ஒரு வாய்பாடாகவே அமைந்துவிட்டது: அரசன் பெயர், ஆட்சியாண்டு, வீரன் சார்ந்த தலைவன், வீரன் பெயர், பூசலின் தன்மை, இறுதியில் 'பட்டான் கல்' என்னும் முடிபு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டுக் கல், எருமை மந்தையைக் காத்து வீழ்ந்த கருந்தேவக்கத்தி என்பானை மட்டும் சொல்லி நிற்கவில்லை. அவனுடன் நின்று கள்வனைக் கடித்துக் காத்த கோவிவன் என்னும் நாயையும் பெயர் சுட்டிச் சொல்கிறது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. எக்சாரில் கப்பற்படையோடு பொருதவனின் பெயர் தெரியவில்லை.

இதனினும் பழைய சான்று தேனி மாவட்டம் ஆண்டிப்பட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் கிடைத்தது. தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வுக் குழுவினர் 2006இல் வைகைக் கரையில் கண்டெடுத்த தமிழ்-பிராமி எழுத்துடைய மூன்று நடுகற்களுள் ஒன்று, 'கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்' என்று படிக்கப்பட்டுள்ளது. கூடலூரில் நிகழ்ந்த ஆநிரைப் பூசலில் மாண்ட, பேடு என்னும் ஊரினனாகிய தீயன் அந்தவனின் கல் என்று இதற்குப் பொருள் கொள்வர். வெட்சித்திணையில் தொல்காப்பியம் ஆளும் 'ஆகோள்' என்ற சொல்லே கல்லிலும் நிற்பது கண்டு தமிழுலகம் மகிழ்ந்தது. அம்மகிழ்ச்சியில், இக்கல் எழுப்பும் வேறொரு சிக்கல் போதிய கவனம் பெறவில்லை. 'பேடு' என்பது ஊர்ப்பெயரா, அடையா? 'தீயன்' என்பது இயற்பெயரின் பகுதியா, குடிப்பெயரா? 'கூடல் ஊர்' என்பது கம்பம் பள்ளத்தாக்கின் கூடலூரா, கூடல் எனப்பட்ட மதுரையைச் சார்ந்த ஊரா, ஆறு கூடும் இடத்திலமைந்த வேறோர் ஊரா? எழுத்து முழுமையாகப் படிக்கப்பட்ட பின்னும் ஆள் முழுமையாக அடையாளம் காணப்படவில்லை. ஆயினும் இவ்வினாக்களை எழுப்ப முடிகிறதே, அதற்குக் காரணம் பெயருடன் ஊரும் செயலும் எழுதப்பட்டிருப்பதுதான். இக்கல்லில் தேட ஓர் இடம் இருக்கிறது. பெயர் மட்டும் உள்ள கல்லில் அதுவும் இராது.

கோரேகாவ் தூணில் ஓர் ஈறு

பெயரின் ஒரு சிறு உறுப்பு மட்டுமே அடையாளத்துக்கு வழிகோலிய சான்று ஒன்று மராட்டிய மண்ணிலேயே உண்டு. புனே அருகே பீமா கோரேகாவில் 1818 சனவரி 1 அன்று கேப்டன் ஸ்டாண்டன் தலைமையிலான கும்பினிப் படைப்பிரிவு பேஷ்வாவின் பெரும்படையை எதிர்த்து நின்றது. அதன் நினைவாக எழுப்பப்பட்ட தூணில் மாண்டவர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. சாதி எதுவும் அங்குக் குறிக்கப்படவில்லை. ஆனால் மாண்ட 49 பேரின் பெயர்களுள் 22 பெயர்கள் 'நாக்' என்னும் ஈற்றைக் கொண்டவை. அக்கால வழக்கில் இவ்வீறு மகர் குலத்தாருக்கே உரியது. ஆங்கிலேயர் தம் வெற்றிக்காக எழுப்பிய தூண், அதனால், மகர்களின் வரலாற்று ஆவணமாகவும் ஆயிற்று. மகர்கள் படையில் சேர்க்கப்படுவது 1890களில் நிறுத்தப்பட்ட பின், தம் முன்னோரின் படைத்தொண்டைச் சான்றாகக் காட்டி அவர்கள் முறையிட்டனர். 1927 சனவரி 1 அன்று அண்ணல் அம்பேத்கர் அத்தூணருகே சென்று நின்றார். பெயரீறு ஒன்று இத்துணை வன்மை பெற்றது பெயராய்வு செய்வோர் எண்ணிப் பார்க்கத்தக்கது.

இதே போரில் சென்னைப் பீரங்கிப் படையினரும் இரு பீரங்கிகளுடன் நின்றனர். அவர்களுடைய தலைவர் லெப்டினன்ட் சிசோம் களத்தில் மாண்டார். 'சென்னை' என்ற சொல்லைக் கண்டவுடன் தமிழர் பங்கு என்று எழுதிவிடக் கை முந்தும். ஆனால் அப்பீரங்கிகளை இயக்கியோருள் பெரும்பாலோர் ஐரோப்பியர். 'சென்னை' என்பது இங்கு மாகாணத்தின் பெயர், படைப்பிரிவின் பெயர், மக்களின் பெயரன்று. படைப்பிரிவின் பெயரைக் கொண்டு வீரனின் மொழியைத் தீர்மானித்தல் பிழை.

மஸ்ஜித் பகுதியின் மாலுமிகள்

மும்பைத் துறைமுகத்தை அடுத்த மஸ்ஜித் பகுதியில் இந்திய மாலுமிகள் இல்லத்தின் வளாகத்தில் 'பம்பாய் 1914–1918 நினைவகம்' அமைந்துள்ளது. முதல் உலகப்போரில் உயிர்நீத்து, கடலன்றி வேறு கல்லறை பெறாத 2,000க்கு மேற்பட்ட இந்திய மாலுமிகளை அது நினைவுகூர்கிறது. இரண்டாம் உலகப்போரில் மாண்ட சற்றேறக்குறைய 6,500 கடற்படையினர், வணிகக் கப்பல் மாலுமிகள் ஆகியோரின் பெயர்கள் ஏடுகளில் எழுதப்பட்டுள்ளன. அவ்வேட்டின் மற்றொரு படி சிட்டகாங் போர்க் கல்லறைத் தோட்டத்தில் உள்ளது.

எக்சாரில் செயல் உண்டு, பெயர் இல்லை என்று கண்டோம். இங்கு நிலைமை நேர்மாறானது. பெயர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றுக்கு உரியோர் எந்த மண்ணைச் சார்ந்தவர் என்பது பெயரளவில் புலப்படுவதில்லை. கப்பலில் சேர்ந்த மாலுமியின் பெயரை ஆங்கிலேய எழுத்தர் தம் காதில் விழுந்தவாறு எழுதினர். ஒலி வேறுபாடு காட்டாத உரோம எழுத்தில் அது மேலும் மழுங்கியது. 'காதர்' என்னும் பெயர் காயல்பட்டினத்திலும் உண்டு, ரத்னகிரியிலும் உண்டு, சில்ஹெட்டிலும் உண்டு. 'அந்தோணி' தூத்துக்குடியினனாகவும் இருக்கலாம், கோவாவினனாகவும் இருக்கலாம். முத்துக்குளித்துறைப் பரதவர் 16ஆம் நூற்றாண்டில் கிறித்தவம் தழுவியபோது போர்த்துக்கீசியக் குடும்பப் பெயர்களை ஏற்றனர். கோவா மக்களும் அவ்வாறே ஏற்றனர். 'பெர்னாண்டோ' என முடியும் பெயர் தூத்துக்குடியையும் இலங்கையையும், 'பெர்னாண்டஸ்' என முடிவது கோவாவையும் மங்களூரையும் சுட்டும் என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனால் எழுத்தரின் பேனா இவ்விரண்டையும் மாற்றி எழுதியிராது என்பதற்கு யார் பிணை?

சில உறுப்புகள் ஓரளவு துணைசெய்யும். 'மரைக்காயர்', 'லெப்பை', 'நைனா', 'தம்பி', 'பிச்சை' போன்றன தமிழ் முஸ்லிம் பெயர்களில் பயில்வன. 'மியா', 'உல்லா' என முடியும் பெயர்கள் வங்கப்பகுதியில் மிகுதி. 'சாமி' என முடியும் பெயர் தமிழுக்கும் தெலுங்குக்கும் பொது. 'ராமன்' தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொது. கோரேகாவின் 'நாக்' போன்று ஒரே குழுவுக்கு மட்டும் உரிய ஈறு தமிழ்ப் பெயர்களில் அரிதாகவே கிட்டும். தந்தை பெயரை முன்னொட்டாகக் கொண்டு இயற்பெயரை மட்டும் வழங்கும் நம் வழக்கம் இங்குப் பெரும் இடராக அமைகிறது. தலைப்பெழுத்து உதிர்ந்தால் எஞ்சுவது ஒரு தனிச்சொல். கொங்கணத்து மராத்தியனுக்கோ குடும்பப் பெயரே பெரும்பாலும் ஊரைச் சொல்லிவிடும். 'கர்' என்னும் ஈற்றுக்கு முன் நிற்பது பல இடங்களில் ஊர்ப்பெயரே.

மும்பைத் தமிழர் வரலாற்றை எழுத முனைவோருக்கு இப்பட்டியல் ஒரு கவர்ச்சி. தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மக்கள் வரத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். மாட்டுங்காவில் தென்னிந்தியர் பெருகியது 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில். செம்பூர்க் குடியேற்றம் அதற்கும் பிந்தியது. இவ்வரலாற்றின் பெரும்பகுதி வாய்மொழியாகவே வழங்குகிறது. கல்லில் எழுதிய பெயர் ஒன்று கிடைத்தால் வாய்மொழிக்கு அது வலுவான துணையாகும். அவ்விருப்பமே பிழைக்கும் வாயிலாகிறது. பம்பாயில் ஆள்சேர்த்த கப்பல்களில் மேல்தளப் பணிக்குக் குஜராத், கொங்கணக் கடற்கரையினரும், எந்திர அறைக்குப் பஞ்சாபியரும் பட்டாணியரும், உணவுக்கூடப் பணிக்குக் கோவாவினரும் பெரும்பாலும் அமர்த்தப்பட்டனர் என்பது கப்பல் தொழிலாளர் வரலாறு கூறும் செய்தி. தமிழ் மாலுமியர் இப்பட்டியலில் இருக்கலாம். பெருந்தொகையினராக இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. தமிழ்ச் சாயல் உள்ள பெயரையெல்லாம் எண்ணித் தொகை கூறும் முயற்சி ஆய்வாகாது.

எனில், ஒரு பெயரை எவ்வாறு தேடுவது? வழி பெயருக்குள் இல்லை. பெயரைச் சூழ்ந்துள்ளவற்றில் இருக்கிறது. மாலுமிகளைக் கப்பலுக்குச் சேர்த்துவிட்டவர் சாரங்கு. அவர் தம் உறவினரையும் ஊராரையுமே பெரும்பாலும் அழைத்துச் சென்றார். ஆகவே ஒரே கப்பலில், ஒரே துறையில் பணிசெய்தோர் ஒரே வட்டாரத்தினராக இருக்கும் வாய்ப்பு மிகுதி. ஒரே நாளில் ஒரே கப்பலோடு மூழ்கிய பெயர்களை ஒருசேர வைத்துப் படித்தால், தனித்து நின்றபோது பேசாத பெயர் அண்டைப் பெயரின் துணையால் பேசும். 'காதர்' என்ற பெயருக்கு மேலும் கீழும் 'லெப்பை'யும் 'நைனா'வும் நின்றால் ஒரு முடிவு. 'மியா' நின்றால் வேறு முடிவு. கல்வெட்டில் சிதைந்த சொல்லை அதே ஆட்சியாண்டின் பிற கல்வெட்டுகளோடு ஒப்பிட்டு நிரப்பும் முறைக்கு இது நெருங்கியது. போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவுகள் மாண்ட நாளையும் கப்பலையும் தருமிடங்களில் இம்முறை கைகூடும். தந்தை பெயரும் ஊரும் சேர்ந்து பதிவாகியிருப்பின் தேடுதல் அப்பொழுதே பாதி முடிந்தது எனலாம்.

எடுத்துக்காட்டாக, லண்டனிலிருந்து பம்பாய்க்கு வந்துகொண்டிருந்த 'பெர்சியா' என்னும் பயணியர் கப்பல் 1915 டிசம்பர் 30 அன்று கிரீட் தீவுக்குத் தெற்கே செருமன் நீர்மூழ்கியால் தாக்குண்டு சில நிமிடங்களில் மூழ்கியது. இறந்தோர் 343 பேர். அக்கப்பலைப் பற்றி எழுதுவோர் கபுர்தலா மன்னரின் நகைகளைப் பற்றியும் சீமாட்டிகளைப் பற்றியும் மிகுதியாக எழுதியுள்ளனர். நிலக்கரி தள்ளியவனைப் பற்றி எழுதியோர் சிலரே.

எண்ணாகிய பெயர்கள்

பெயரையே எழுதாது விட்ட நினைவகங்களும் உள்ளன. மெசபடோமியாப் போர்முனையில் மாண்ட 40,000க்கு மேற்பட்டோரை நினைவுகூரும் பாஸ்ரா நினைவகத்தில் ஆங்கிலேயர் பெயர்களும் இந்திய அதிகாரிகள் பெயர்களும் பொறிக்கப்பட்டன. இந்தியச் சிப்பாய்கள் படைப்பிரிவின் பெயருக்குக் கீழ் வெறும் எண்ணிக்கையாகச் சுட்டப்பட்டனர். போர்க் கல்லறை ஆணையம் 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை, பெயர் சுட்டியோ அல்லது எவ்வகையிலுமோ நினைவுகூரப்படாத ஆசிய, ஆப்பிரிக்கப் படையினர், பணியாளர் குறைந்தது 1,16,000 பேர் என்றும், அத்தொகை 3,50,000 வரையும் இருக்கலாம் என்றும் கூறி வருத்தம் தெரிவித்தது.

தமிழகத்தில் இதன் இன்னொரு வடிவத்தைக் காணலாம். போருக்குப் பின் சென்னை மாகாணத்திலும் பஞ்சாபிலும் ஊர்களில் ஒரே வாசகமுடைய ஆங்கிலக் கல்வெட்டுகள் பதிக்கப்பட்டன: இவ்வூரிலிருந்து பெரும்போருக்குச் சென்றோர் இத்தனை பேர், அவருள் உயிர்நீத்தோர் இத்தனை பேர். வேலூர் நீண்ட கடைத்தெரு மணிக்கூண்டில் உள்ள கல், சென்றோர் 277 என்றும் மாண்டோர் 14 என்றும் கூறுகிறது. நகரமாகிய வேலூரையும் அக்கல் சிற்றூர் என்றே அழைப்பது, அச்சுப்போன்ற பொது வாசகத்தை எல்லா ஊருக்கும் அப்படியே வெட்டியதைக் காட்டும். எடுத்தனூர்க் கல்லைச் செதுக்கிய காலத்தில் பெயர் சொல்லாத நடுகல்லை ஊரார் ஏற்றிருப்பரா என்பது ஐயமே. ஆயினும் அதிகாரிகள் வெட்டிய இக்கல் ஒன்றை விட்டுச்சென்றது: அது ஊர். பதினான்கு பேரையும் தேடுவோர் எங்குத் தொடங்க வேண்டும் என்பதாவது தெரியும்.

ஊர்வாரித் தொகுப்பின் பயன் அண்மையில் பஞ்சாபில் வெளிப்பட்டது. போர் முடிந்ததும் பஞ்சாப் அரசு சிற்றூர் வாரியாகத் தொகுத்த படைவீரர் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் ஒரு நூற்றாண்டுக் காலம் கிடந்தன. ஏறத்தாழ 3,20,000 பேரின் விவரங்களைக் கொண்ட அவை கணினிப் பதிவாக வெளிவரத் தொடங்கியது 2021இல். இங்கிலாந்தில் வாழும் பஞ்சாபிக் குடும்பங்கள் தம் பாட்டனாரைத் தேடியபோது முதலில் தேடியது பெயரையன்று, ஊரையே. ஒரு சிற்றூரில் அப்பெயருடையோர் ஓரிருவரே இருப்பர். மாகாணத்தில் பல்லாயிரவர் இருப்பர்.

மும்பையில் ஊரும் பெயரும் ஒருங்கே அழிந்த நிகழ்வு 1944 ஏப்ரல் 14 அன்று நேர்ந்தது. விக்டோரியா துறையில் நின்ற 'போர்ட் ஸ்டிகின்' கப்பலில் பருத்தியோடு ஏற்றப்பட்டிருந்த வெடிமருந்து வெடித்தது. தீயணைக்கச் சென்று மாண்ட 66 வீரர்களை நகரம் இன்றளவும் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறது. அந்நாளே நாடெங்கும் தீயணைப்புப் பணி நாளாக அனுசரிக்கப்படுகிறது. அன்று துறைமுகத்தில் மூட்டை சுமந்துகொண்டிருந்தோரும் சுற்றுப்புறத் தெருக்களில் இருந்தோருமாக மாண்டவர் பல நூற்றுவர். நாட்கூலிக்கு வந்தவர்களின் பெயரைக் காலையில் எவரும் எழுதிவைக்கவில்லை. ஆகவே மாலையில் அடித்துக் குறிக்கவும் பட்டியல் இல்லை. இறந்தோர் தொகை ஒவ்வொரு நூலிலும் ஒவ்வொரு விதமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

மாலுமிகளின் பட்டியலுக்கோ இக்கதி நேரவில்லை என்பதனால் அதில் செய்யத்தக்க பணி இன்னும் உண்டு. லண்டன் டவர் ஹில்லில் உள்ள வணிகக் கப்பல் மாலுமிகள் நினைவகத்தில் முதல் உலகப்போரில் மாண்ட ஏறத்தாழ 12,000 பேரின் பெயர்கள் கப்பல் வாரியாக வெண்கலத் தகடுகளில் பொறிக்கப்பட்டுள்ளன. அதே கப்பல்களில் அதே நாளில் மூழ்கிய இந்தியரின் பெயர்கள் அங்கு இல்லை. அவை மஸ்ஜித்துக்கு அனுப்பப்பட்டுவிட்டன. ஒரே கலத்தில் மாண்டவர் இரண்டு நகரங்களில் பிரித்து எழுதப்பட்டனர். லண்டன் தகடுகளின் கப்பல் வரிசையைச் சட்டகமாகக் கொண்டு மும்பைப் பெயர்களை அதனுள் அடுக்கிப் பார்த்தால், எந்தக் கப்பலில் யார் யாருக்கு அருகில் நின்றனர் என்பது தெரியவரும். தென்பாண்டிக் கடற்கரையின் ஞானஸ்நானப் பதிவேடுகளையும் பள்ளிவாசல் குறிப்புகளையும் அதன் பின்னரே புரட்ட வேண்டும்.